சோப்புக்கு எந்த பீர்?

கெலவரப்பள்ளிப் பக்கத்திலுள்ள ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்ற நாளில், கூட்டம் முடிந்த பின்னர் அங்கத்தினரான ஓர் அம்மையார் ஒரு சோப்புக் கட்டியைக் கொண்டுவந்து மேசைமீது வைத்தார். அது நடுவில் வெடித்து, மேலே வெண்மை பூத்து, தொட்டால் விரல் எரியும் நிலையில் இருந்தது.

"பெங்களூர்க் கடைகளில் பீர் சோப்பு நல்ல விலைக்குப் போகிறதாம், ஐயா. எட்டுப் பேர் சேர்ந்து செய்து பார்த்தோம், எண்ணெயெல்லாம் வீணாயிற்று. எந்த பீர் வாங்கியிருக்க வேண்டும்?" என்று அவர் கேட்டார்.

உயர்ந்த விலைப் புட்டியாக வாங்கியிருந்தால் சோப்பு நன்றாக வந்திருக்கும் என்பது அவர்கள் எண்ணம். அதற்காகச் சங்கத்தில் கடன் கேட்கும் நோக்கமும் இருந்தது. ஆகவே, பீர் சோப்பில் என்ன செய்கிறது என்பதை முதலில் தெளிந்துகொள்வது நன்று.

எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கூடிச் சோப்பாகின்றன. காஸ்டிக்கைக் கரைப்பதற்கே நீர் வேண்டியிருக்கிறது; அந்நீரின் இடத்தில்தான் பீர் வைக்கப்படுகிறது. சாயத் தொட்டியில் காஸ்டிக் சோடாவைக் கையாண்ட நெசவாளர்களுக்கு அதன் குணம் புதிதன்று.

பீரில் பெரும்பகுதி நீரே. எஞ்சியவை நான்கு: வாயு, ஆல்கஹால், மால்ட்டின் சர்க்கரைப் பொருள்கள், ஹாப் என்னும் கசப்புப் பூ. இவற்றுள் வாயு காஸ்டிக்கோடு சேர்ந்தால் கரைசல் குபீரென்று பொங்கி வழியும். காஸ்டிக்கின் ஒரு பகுதியும் சலவைச் சோடாவாக மாறிப் பயனற்றுப் போகும். ஆல்கஹால் கலவையைத் திடீரென்று இறுகச் செய்யும். ஹாப்பின் மணமோ காஸ்டிக்கின் முன் நிற்பதில்லை. சர்க்கரைப் பொருள்கள் மட்டுமே சோப்பில் தங்கி நுரையைப் பெருக்குகின்றன. பழுப்பு நிறத்தையும் அவையே தருகின்றன. அவை மிகுந்தால் கலவை அளவுமீறிச் சூடேறி வெடிக்கும்.

நானும் ஒருமுறை புட்டியைத் திறந்தவுடன் பீரில் காஸ்டிக்கை இட்டுப் பார்த்தவன். பாத்திரம் பொங்கித் தரையெல்லாம் ஓடியது. கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது.

இனி, எதைத் தெரிவு செய்வது? குறைந்த விலையுள்ள சாதாரண பீரே போதும். ஆல்கஹால் மிகுந்த வகைக்கு அதிக விலை கொடுத்து, அதையே அடுப்பில் ஆவியாக்குவது வீண் செலவு. கரும்பழுப்பு நிறம் வேண்டுவோர் வறுத்த மால்ட்டில் செய்த கறுப்பு பீரை வாங்கலாம். பழச்சுவை சேர்த்தவை வேண்டா. அவற்றின் புளிப்பு காஸ்டிக்கை வீணாக்கும். திறந்து வாயு போன பழைய பீர் குடிப்பவருக்கு ஆகாது. சோப்புக்கு அதுவே நல்லது.

650 மில்லி பீரை அகன்ற பெரிய பாத்திரத்தில் ஊற்றி, பாதியளவாகச் சுண்டும் வரை நிதானமாகக் கொதிக்கவைத்து, நன்கு குளிரவிட வேண்டும். வாயுவும் ஆல்கஹாலின் பெரும்பகுதியும் அகன்றுவிடும்.

பிறகு தேங்காயெண்ணெய் 500 கிராம், கடலையெண்ணெய் 400 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம் நிறுத்துக் கலக்கவும். இதற்குக் காஸ்டிக் சோடா 150 கிராம் போதும். எண்ணெயில் நூற்றுக்கு ஐந்து பங்கு எஞ்சி நின்று தோலைக் காக்கும். காஸ்டிக்கை 150 கிராம் குளிர்ந்த நீரில் கரைத்து ஆறவிட்டு, சுண்டிய பீர் 150 கிராமைத் தனியே எண்ணெயில் சேர்த்துவிட வேண்டும். இவ்வாறு செய்தால் கடுங்காஸ்டிக்கும் சர்க்கரையும் நேரே மோதுவதில்லை. ஒரு புட்டி இரண்டு கிலோ எண்ணெய்க்குப் போதும் என்பதையும் கவனிக்க. பின்னர் கரைசலை எண்ணெயில் ஊற்றி, கூழ்ப் பதம் வரும்வரை கலக்கி, அச்சில் வார்க்கவும். துண்டு போட்ட பின் நான்கு முதல் ஆறு வாரம் காற்றில் உலர்த்த வேண்டும்.

காஸ்டிக்கைத்தான் நீரில் இடவேண்டும். காஸ்டிக்கின்மேல் நீரை ஊற்றலாகாது. அலுமினியப் பாத்திரம் அறவே கூடாது, எவர்சில்வரே தகும். கண்ணாடியும் கையுறையும் அவசியம். மேலே பட்டால் நீரால் நெடுநேரம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் விரைய வேண்டும்.

பீர்ப் புட்டி வீட்டுக்குள் வருவதை விரும்பாதோர் நம்மிடையே பலர். ராஜாஜி 1937 அக்டோபர் 1-ஆம் நாள் மதுவிலக்கை முதன்முதல் கொணர்ந்த சேலம் மாவட்டத்தில் அன்று ஓசூரும் அடங்கியிருந்தது. அவர் பிறந்த தொரப்பள்ளியும் நமக்கு அண்மையிலேயே உள்ளது. வீட்டில் பீர் காய்ச்சலாமோ என்று எவரும் எண்ண வேண்டா. உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம்.

அவர்களுக்கு நம் ராகியே வழிகாட்டும். இமயமலைப் பக்கத்தில் கேழ்வரகிலிருந்து மது வடிப்பவர் உண்டு. நமக்கு வேண்டியது அம்மது அன்று, முளையிலுள்ள சர்க்கரையே. முளைகட்டி உலர்த்தி அரைத்த ராகி மாவு 100 கிராமை, கை பொறுக்காத சூடுள்ள 600 மில்லி நீரில் ஒரு மணி நேரம் மூடிவைத்தால், மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறும். மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டி, புளிக்கவிடாமல் பாதியாகச் சுண்டவைத்து, பீருக்குச் சொன்ன அளவிலேயே சேர்க்கலாம். இதில் ஆல்கஹாலும் இல்லை, வாயுவும் இல்லை. ராகி விளைவிப்போர் வீட்டில் இதற்குக் காசும் செலவில்லை.

நுரை மிகுந்தால் அழுக்கு மிகுதியாகப் போகும் என்ற மயக்கமும் வேண்டா. பெங்களூரின் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் நீர் திறக்கும்பொழுது மலைபோல் நுரை தள்ளுவதைக் கண்டவர்கள் நாம். நுரை வேறு, தூய்மை வேறு என்பதை நமக்குப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. அழுக்கை நீக்குவது சோப்பு. பீர் தருவது நுரையும் ஒரு பெயருமே.

கடனைப் பற்றி அந்த அம்மையாருக்குக் கூறியதையே இங்கும் கூறுகிறேன். முதலில் ஒரு கிலோ எண்ணெயில் பீர் சோப்பும், ஒரு கிலோவில் ராகி சோப்பும் செய்து, ஆறு வாரம் உலர்த்தி, எட்டு வீட்டிலும் பயன்படுத்திப் பாருங்கள். ஒவ்வொன்றின் அடக்கவிலையையும் எழுதி வையுங்கள். குளியல் சோப்பு செய்து விற்பதற்கு உரிமம் பெற வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். இவ்வளவும் முடிந்த பின்னர் சங்கத்தின் முன் மனு வைக்கலாம். ஒரு நல்ல தராசுக்குக் கடன் கேட்டால் நான் பரிந்துரைப்பேன். விலையுயர்ந்த பீருக்குக் கேட்டால் பரிந்துரைக்க மாட்டேன்.