கண்டிக்கு மேலே எத்தனை மைல்?

கண்டிக்கு மேலே மேகத்துக்குள் பறக்கும் விமானி, கட்டுநாயக்க விமான நிலையம் இன்னும் சுமார் 45 கடல்மைல் என்று எப்படி அறிகிறார்? விமானத்தில் தூரம் அளக்கும் டி.எம்.ஈ. கருவி இரட்டை இரட்டையாக வானொலித் துடிப்புகளை அனுப்பும். தரைநிலையம் 50 மைக்ரோசெக்கன் பொறுத்துப் பதில் தரும். துடிப்பு போய்த் திரும்பிய நேரத்திலிருந்து அந்தத் தாமதத்தைக் கழித்து, மிச்சத்தில் 12.36 மைக்ரோசெக்கனுக்கு ஒரு கடல்மைல் எனக் கணக்கிட்டால் தூரம் வந்துவிடும்.

பல விமானங்கள் ஒரே நேரத்தில் கேட்டால்? ஒவ்வொன்றும் ஒழுங்கற்ற இடைவெளியில் கேட்டு, தன் தாளத்துக்கு ஒத்த பதிலை மட்டுமே எடுத்துக்கொள்ளும். கெட்டிக்கார ஏற்பாடு! ஆனால் கிடைப்பது தரைவழித் தூரமல்ல, விமானத்திலிருந்து நிலையத்துக்கு நேர்கோட்டிலான சாய்வுத் தூரம். நிலையத்துக்கு நேர்மேலே 6,000 அடியிலும் ஏறக்குறைய 1 கடல்மைல் என்றே காட்டும்.

இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்தால் என்ன ஆகும்? 1974 டிசெம்பர் 4இல் ஹஜ் பயணிகளுடன் வந்த மார்ட்டின்ஏர் டீசி-8, மஸ்கெலியா அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியதில் 191 பேர் இறந்தனர். விமானத்திலிருந்த டொப்ளர் வழிகாட்டிக் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பி, தாங்கள் இருக்கும் இடத்தை விமானிகள் தவறாகக் கணித்துத் தாழ இறங்கினர் என்றது விசாரணை.