கைத்தொழில் கிளாஸ், சமையல் கிளாஸ்: பெண்களுக்குக் கிடைப்பது வருமானம் மட்டும்தானா?

கார்த்திகை நெருங்கினால் விருத்தாசலத்தின் பீங்கான் பட்டறைகளில் அகல் விளக்கு வேலை சூடுபிடித்துவிடும். மற்ற மாதங்களில் பொம்மைகள். களிமண் கூழை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்து, பிசிறு நீக்கி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, காயவைத்து, சூளையில் சுட்டு, வண்ணம் தீட்டினால்தான் கடைக்கு வரும் பளபளப்பான பொம்மை கிடைக்கும். கடலூர் மாவட்டத்தின் இந்த ஊரில் பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே டிப்ளமோ படிப்பு நடத்தும் அரசுக் கல்வி நிலையமும் இருக்கிறது.

பட்டறை வேலைக்கு நிறைய பெண்களும் போகிறார்கள். ஆனால், அங்கே ஒருவர் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் திரும்பத் திரும்பச் செய்வார். பிசிறு நீக்குபவர் பிசிறு நீக்குவார், பெயின்ட் அடிப்பவர் பெயின்ட் அடிப்பார். மாலையில் கூலியோடு வீடு திரும்பலாம். 'இது நான் செஞ்சது' என்று காட்ட ஒரு பொருள் கையில் இருக்காது.

கைத்தொழில் பயிற்சி வகுப்புகள் மாறுபடுவது இங்கேதான். மண்ணோ துணியோ சணலோ, ஒரு பொருளை முதலில் இருந்து முடிவு வரை ஒரே ஆள் செய்து முடிக்கிறார். கோணலாக வந்தாலும் அது அவருடையது. இந்தச் சின்ன வித்தியாசம் மனதுக்கு என்ன செய்கிறது?

45 நிமிடம் போதுமா?

அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் தலைமையிலான குழு ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவை 2016-ல் வெளியிட்டது. 39 பேரை உட்காரவைத்து, களிமண், காகிதம், மார்க்கர் பேனா ஆகியவற்றைக் கொடுத்து, 45 நிமிடம் இஷ்டப்பட்டதைச் செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எச்சிலில் கார்டிசால் அளவைப் பார்த்தார்கள். மன அழுத்தத்தின்போது உடலில் கூடும் ஹார்மோன் அது. சுமார் 75 சதவீதம் பேருக்கு அளவு குறைந்திருந்தது. ஏற்கெனவே கலைப் பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்று பெரிய வேறுபாடு தெரியவில்லை. மீதிப் பேருக்குக் குறையவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். சிறிய ஆய்வுதான்.

பெரிய அளவிலும் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 7,182 பேரின் பதில்களை ஆங்லியா ரஸ்கின் பல்கலைக்கழகம் அலசி, 2024-ல் முடிவை வெளியிட்டது. கைவினையில் ஈடுபடுபவர்களிடம் 'வாழ்வதற்கு அர்த்தம் இருக்கிறது' என்ற உணர்வு கூடுதலாக இருந்தது. அந்த உணர்வோடு கைவினைக்கு இருந்த தொடர்பு, வேலையில் இருப்பதற்கு உள்ள தொடர்பைவிடக் குறைவாக இல்லை. கோபத்தை சப்பாத்தி மாவில் பிசைந்து தீர்த்துக்கொள்ளும் அம்மாக்களுக்கு இதெல்லாம் புதிய தகவலாக இருக்காது.

கடற்கரையில் பிறந்த பொம்மை

தமிழ்நாட்டுக் கடற்கரையில் இதற்கு ஒரு உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலோர கிராமங்களில் பெண்கள் வேலையும் இல்லாமல், பேசவும் முடியாமல் முடங்கிக் கிடந்தார்கள். ஆரோவில்லில் உள்ள உபாசனா டிசைன் ஸ்டுடியோ 2005-ல் அவர்களுக்குத் துண்டுத் துணியில் விரல் அளவுப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. பெயர், 'சுனாமிகா'. உமா பிரஜாபதி தொடங்கிய இந்த முயற்சியில் பொம்மைக்கு விலையே இல்லை. அன்பளிப்பாகக் கொடுப்பார்கள், வருகிற நன்கொடையில் இருந்து செய்தவர்களுக்குப் பணம் போகும். லட்சக்கணக்கான பொம்மைகள் பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

துக்கத்தைப் பற்றிப் பேசு என்று சொன்னால் பேசாதவர்கள், கையில் ஊசியும் பக்கத்தில் நாலு பேரும் இருந்தால் தானாகப் பேசுவார்கள். கைவேலை வகுப்பின் பலம் பாதி கையில், மீதி பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம்.

'வீட்ல சமைக்கிறோமே, அதுக்கு எதுக்கு கிளாஸ்?'

இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் வரும். நியாயமான கேள்விதான். ஆஸ்திரேலியாவில் ஏழு வார சமையல் வகுப்பில் சேர்ந்த 657 பேரை எடித் கோவன் பல்கலைக்கழகம் ஆராய்ந்தபோது (2022-ல் வெளியானது), அவர்களது தன்னம்பிக்கையும் மனநலமும் மேம்பட்டிருந்தன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் பலன் நீடித்தது. ஆனால், அது சமைக்கத் தயங்கியவர்களுக்கான வகுப்பு. இங்கே மூன்று வேளையும் அடுப்படியில் நிற்பவருக்கு வேண்டியது வேறு: அளவு, கெடாமல் வைக்கும் முறை, பேக்கிங், லேபிள், விலை.

விருத்தாசலத்தில் இதற்கும் இடம் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இங்கேதான் இயங்குகிறது. பக்கத்திலேயே முந்திரிக் காடு. கொட்டையை எடுத்துக்கொண்டு பழத்தை அப்படியே போட்டுவிடுவது இந்தப் பகுதியில் வழக்கம். காரணம், தொண்டையைப் பிடிக்கும் அந்தத் துவர்ப்பு. பிழிந்த சாற்றில் ஜவ்வரிசிக் கஞ்சியைக் கலந்து தெளியவைத்தால் துவர்ப்பு அடியில் தங்கிவிடும். மேலே நிற்பதை வடித்து ஜூஸ், ஸ்குவாஷ் செய்யலாம். கிளாஸில் கிடைப்பது இந்த மாதிரி விஷயம்தான். பாட்டி சொல்லாதது, யூடியூபில் பாதி மட்டும் வருவது.

பாராட்டே கிடைக்காத வேலை சமையல். உப்பு கூடினால் மட்டும்தான் வீட்டில் குரல் வரும். அதே கைப்பக்குவத்துக்கு வெளியாள் ஒருவர் விலை கேட்பதும், அந்த விலையைத் தயங்காமல் வாய்விட்டுச் சொல்வதும் பலருக்கு முதல் அனுபவம். முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது, பள்ளிகளில் சமைக்கும் பொறுப்பு மகளிர் சுய உதவிக் குழுவினரிடம் போனது. வீட்டு வேலையாகவே பார்க்கப்பட்ட சமையல், பொறுப்பும் கணக்கும் உள்ள வேலையாக மாறியது. அந்தக் குழுக்களின் கதை 1989-ல் தருமபுரியில், சர்வதேச வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. கையெழுத்துப் போடுவதும், பேங்க் படியேறுவதும்தான் அப்போது 'பயிற்சி'.

எங்கே இடிக்கிறது?

நேரத்தில். 2024-ம் ஆண்டின் மத்திய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புப்படி, சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். காலை 9 மணிக்கு ஆரம்பித்து மாலை 5 மணிக்கு முடியும் வகுப்பு என்றால், குழந்தையை ஸ்கூலில் இருந்து யார் கூட்டி வருவது? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? 'ஆள் வரல' என்று பயிற்சி நடத்துபவர்கள் குறைபட்டுக்கொள்ளும்போது, இந்த இரண்டு கேள்விகளுக்குத்தான் முதலில் பதில் தேட வேண்டும்.

வகுப்பு மருந்தல்ல என்பதும் முக்கியம். வாரக்கணக்கில் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் பொம்மை செய்வது போதாது. 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். பீங்கான் வேலை பழகுபவர்கள் காய்ந்த மண்ணை உரசித் தூசி கிளப்பக் கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா நாளடைவில் நுரையீரலைக் கெடுக்கும்.

எங்கே கேட்பது?

வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பயிற்சி இலவசம், சாப்பாடும் தங்குமிடமும் உண்டு. தையல் 30 நாள். பயிற்சி முடிந்தபின் இரண்டு ஆண்டு வரை தொடர்பில் இருந்து வழிகாட்ட வேண்டும் என்பது விதி, கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 35 வயது நிறைந்தவர்களுக்கு, 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது. 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். விண்ணப்பிக்கும் இடம் மாவட்டத் தொழில் மையம். சேரும் முன் பயிற்சி நேரத்தையும், குழந்தையைக் கூட்டிவரலாமா என்பதையும் போனிலேயே கேட்டுவிடுவது நல்லது.