வீட்டிலே ஏன் அந்த மௌனம்?

திண்டுக்கல் பேகம்பூரில் தோல் ஷாப்பிலே வேலை பார்க்கும் தோழர் ஒருவர் சில திங்களுக்கு முன் நம்மிடம் வந்தார். ஊர்வலம் என்றால் முன்வரிசையிலே நிற்பவர். அவர் முழக்கமிட்டால் மணிக்கூண்டு அதிரும். அன்று அவர் குரல் எழும்பவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். மடித்து வைத்திருந்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். சதை எடுத்துச் சோதித்த முடிவு அது. அவருடைய துணைவியாருக்குக் கர்ப்பப்பை வாயிலே புற்றுநோய்!

"எத்தனை நாளாய்த் தொல்லை?" என்று கேட்டோம்.

"நாலு மாதமாய் உதிரம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது, அண்ணே. எனக்கே போன வாரம்தான் தெரியும்" என்றார்.

நாலு மாதம்! ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே விளக்கு. ஆனாலும் அவள் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. விடியுமுன் எழுந்து துணியை அலசிக் கொல்லையிலே மறைவாய்க் காயப்போட்டு, கணவனுக்குக் கஞ்சி ஊற்றி அனுப்பியிருக்கிறாள் அந்தத் தாய்.

அடுத்து அவர் கேட்ட கேள்வி: "எவ்வளவு ஆகும், அண்ணே? தோட்டை விற்றாயிற்று. வீட்டை அடகு வைக்கட்டுமா?"

வேண்டாம் என்றோம். அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இந்த நோய்க்கும் நம் மாவட்டத்துக்கும் உள்ள தொடர்பு உலகம் அறிந்தது, நாம்தான் அறியோம். ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கை மருத்துவ நிலையத்தாரும், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாரும், பிரான்சு நாட்டின் லியோன் நகரில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தாரும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டு இங்கே ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். மாவட்டத்திலே 114 பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் 57 பகுதிகளிலே, 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைச் சோதனைக்கு அழைத்தார்கள். மற்ற 57-இல் வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே.

என்ன சோதனை? கோடி ரூபாய் இயந்திரமா? இல்லை. சமையலுக்கு வாங்கும் வினிகரிலே இருக்கிறதே புளிப்பு அமிலம், அதை நீர்க்கக் கலந்து பஞ்சிலே தொட்டுக் கர்ப்பப்பை வாயிலே தடவுவார்கள். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், கெட்டுப்போகத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். புற்றாக மாறுமுன்பே அந்த இடத்தைக் குளிரூட்டி அழித்துவிட முடியும்.

2006 வரை கணக்கெடுத்து 2007-இல் லான்செட் ஏட்டிலே முடிவை வெளியிட்டார்கள். சோதனைக்கு அழைத்த பகுதிகளில் 49,311 பெண்கள்; இந்நோயால் மாண்டவர் 83 பேர். அழைக்காத பகுதிகளில் 30,958 பெண்கள்தாம். மாண்டவரோ 92 பேர்! ஒரே ஒரு முறை பார்த்ததற்கே சாவு 35 விழுக்காடு குறைந்தது. உலகத்துக்குப் பாடம் சொன்ன மண், தோழர்களே, இந்தத் திண்டுக்கல் மண்!

அந்தக் கணக்கிலேயே இன்னொரு எண்ணும் இருக்கிறது. அதுதான் நம்மைச் சுடுகிறது. அழைக்கப்பட்ட 49,311 பேரில் வந்தவர் 31,343 பேர். வராதவர் ஏறத்தாழ 18,000! வாசல் தேடி வந்த சோதனைக்கும் வரவில்லை. ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலையும், யாராவது பார்த்துவிட்டால் என்ற கூச்சமும் பெண்ணின் காலை எப்படிக் கட்டும் என்பது நம் வீட்டுக் கதைதானே?

சரி, நோய் வந்தே விட்டது. ஏழைக்கு வழி உண்டா? உண்டு.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாறு மருத்துவமனையைத் தொடங்கினார். இல்லாதவனுக்கும் இருப்பவனுக்கும் ஒரே தரத்தில் மருத்துவம் என்பது அதன் கொள்கை. அவ்வளவு தொலைவு போக இயலாதவர்க்கு 60 கிலோமீட்டருக்குச் சற்று மேலே மதுரை இருக்கிறது. அரசு இராசாசி மருத்துவமனையும், பாலரங்காபுரத்திலே அரசின் மண்டலப் புற்றுநோய் மையமும் அங்கே உள்ளன.

செலவு? 2009 சூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆயிற்று. 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று உயர்ந்தது. ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துக்கு உரியது. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக் காப்பீட்டு மையத்துக்குப் போகவேண்டும். சந்தேகமா? 104-க்குத் தொலைபேசியிலே கேளுங்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலிலே படுக்கை வகுப்புக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. இது பிச்சை அல்ல. நாம் கட்டிய வரி, நமது உரிமை!

ஆனால் அட்டை மட்டும் ஆளைக் காப்பாற்றாது. நோய் தொடக்கத்திலே இருந்தால் அறுவையோடு முடியலாம். சற்று முற்றிவிட்டால் நம்மவர்கள் 'கரண்டு வைப்பது' என்கிறார்களே, அந்தக் கதிர்வீச்சு. வாரத்துக்கு 5 நாள், ஏறத்தாழ 5 வாரம். கூடவே வாரம் ஒரு முறை மருந்து. பிறகு உள்ளே வைக்கும் கதிர்வீச்சு. அத்தனையும் 8 வாரத்துக்குள் முடியவேண்டும். இடையிலே நின்றால் நோய் தலைதூக்கும். "பஸ்சுக்குக் காசில்லை", "பிள்ளைக்குச் சோறு பொங்க ஆளில்லை", "இரத்தம் நின்றுவிட்டதே, இனி எதற்கு?" என்று பாதியிலே திரும்புவது, ஆற்றின் நடுவிலே தோணியை விட்டு இறங்குவதற்குச் சமம்!

இங்கேதான் கிளைத் தோழர்களுக்கு வேலை. கொடிக்கம்பம் நடக் கை சேர்ப்போம். மாநாட்டுக்கு லாரி பிடிப்போம். ஒரு தோழரின் துணைவியாரை 8 வாரம் மதுரைக்கு அழைத்துப்போக முறை வைத்துக்கொள்ள முடியாதா? ஒருவர் பஸ் செலவு, ஒருவர் வீட்டிலே பிள்ளைகளுக்குச் சோறு, ஒருவர் அலுவலகம் ஏறிச் சான்று வாங்கும் வேலை. முடியும்!

இன்னொன்று. "ஒழுக்கம் கெட்டவளுக்கு வரும் நோய்" என்கிறது ஊர் வாய். அறியாமை பேசுகிறது! கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம் ஒரு வைரஸ் என்று காட்டிய ஜெர்மானியர் ஹரால்டு சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு தந்தார்கள். தாம்பத்திய உறவிலே பரவும் மிகச் சாதாரணமான கிருமி அது. கணவனிடமிருந்தே மனைவிக்கு வரலாம். எனில், தலைகுனிய வேண்டியவள் அவளா? செய்வினை என்று தாயத்துக்கு ஓடுவதும், தலைவிதி என்று மூலையிலே உட்கார்வதும் நோய்க்கு நாமே தரும் தவணை. புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. தனித் தட்டு, தனிப் பாய் தேவையில்லை.

மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும், உறவுக்குப் பின் உதிரம் பட்டாலும், நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலும் உடனே மருத்துவரிடம் போகவேண்டும். கர்ப்பப்பையின் உள்ளே வரும் புற்றை வினிகர்ச் சோதனை காட்டாது; அந்த உதிரம்தான் அதன் எச்சரிக்கை மணி. தொல்லையே இல்லாவிட்டாலும் 30 வயது கடந்த பெண்கள் அரசு சுகாதார நிலையத்திலே சோதித்துக்கொள்ள வேண்டும்.

அறிஞர் அண்ணாவை 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் நம்மிடமிருந்து பறித்ததும் புற்றுநோய்தான். அன்று நாடே தெருவில் நின்று அழுதது. அவர் பெயரைத் தாங்கிக் காஞ்சிபுரம் காரப்பேட்டையிலே அரசின் புற்றுநோய் மருத்துவமனை நிற்கிறது. தலைவருக்கு வந்தபோது உரக்கச் சொன்ன நோயின் பெயரை, மனைவிக்கு வந்தால் மட்டும் ஏன் மென்று விழுங்குகிறோம்? நாமும் எத்தனையோ மேடை ஏறினோம், இதைப் பேசியதில்லை. குற்றம் நம்முடையதுதான்.

அந்தத் தோழர் வீட்டை அடகு வைக்கவில்லை. துணைவியாருக்கு மதுரையிலே நான்காவது வாரம் நடக்கிறது. குணமாகும் என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை. முழுதும் முடியட்டும், பார்ப்போம் என்கிறார். அந்த நாலு மாதம் மட்டும் கையிலே இருந்திருந்தால்... என்று தோழர் பாதியிலே நிறுத்துகிறார்.

உங்கள் கையிலே இன்னும் அந்த நாலு மாதம் இருக்கலாம், தோழர்களே! இன்றிரவு வீட்டுக்குப் போனதும் கேளுங்கள்: "உனக்கு உடம்புக்கு ஏதாவது செய்கிறதா?" பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்!