சைகா மான்: குறைந்ததும் கூடியதும்

கஜகஸ்தானின் மரமற்ற புல்வெளிகளில், கோடையில் வடக்கேயும் குளிர்காலத்தில் பனி குறைந்த தெற்கேயும் மந்தை மந்தையாக இடம்பெயரும் இரலை இனம் சைகா. உருவத்தில் ஆட்டின் அளவுதான். வாய்க்கு மேல் புடைத்துத் தொங்கும் மூக்கு அதன் அடையாளம். புழுதியை வடிகட்டவும், கடுங்குளிரில் மூச்சுக்காற்றைச் சூடாக்கவும் அது உதவுகிறது. ரஷ்யாவின் கல்மீக்கியாவில் சிறு கூட்டங்களும் மங்கோலியாவில் தனித் துணையினமும் உள்ளன.

சோவியத் காலத்தில் சைகா வேட்டை அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. 1991-ல் அந்த ஆட்சி சிதைந்து, கூட்டுப்பண்ணைகள் நொடித்தபோது, வேலையிழந்த கிராமங்களுக்குச் சைகாவே வருமானமானது. இறைச்சி உள்ளூரில் விற்றது. கொம்பு சீன மரபு மருத்துவத்துக்குப் போனது. சிங்கப்பூர்க் கடைகளில் உடற்சூடு தணிக்கும் பானமாகவும் அது விற்கப்பட்டுவந்தது. ஏறத்தாழ 10 லட்சமாக இருந்த எண்ணிக்கை பத்தே ஆண்டுகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. 2002-ல் இந்த இனம் மிக அருகிய உயிரினங்களின் பட்டியலில் சேர்ந்தது.

கொம்பு கிடாவுக்கு மட்டுமே உண்டு என்பதால், கள்ளவேட்டை மந்தையின் அமைப்பையே குலைத்தது. கல்மீக்கியாவில் கிடாக்கள் அருகிப்போய், பெட்டைகள் பெருமளவில் சினைப்படாமல் போனதை 2003-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. வெறும் தலைக்கணக்கு எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எண்ணிக்கையை அறிய, வசந்தகாலத்தில் விமானம் நேர்கோட்டுப் பாதைகளில் தாழப் பறக்கிறது. இருபுறமும் குறித்த அகலத்துக்குள் தென்படும் விலங்குகளை எண்ணி, மொத்தம் மதிப்பிடப்படுகிறது. மந்தைகள் செல்லும் வழியைச் செயற்கைக்கோள் கழுத்துப்பட்டைகள் காட்டுகின்றன.

சற்றே மீண்டுவந்த நேரத்தில், 2015 மே மாதம் பேரிடி விழுந்தது. கஜகஸ்தானில் குட்டி ஈன ஒன்றுகூடிய மந்தைகளில் மூன்றே வாரங்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவை மடிந்தன. நம் ஊர்க் கால்நடை வளர்ப்போர் தொண்டை அடைப்பான் என்று அறிந்த அதே நோய்தான் காரணம். அதை உண்டாக்கும் பாஸ்டுரெல்லா பாக்டீரியா, நலமாக உள்ள சைகாவின் தொண்டையிலும் தீங்கின்றித் தங்கியிருக்கும். அந்த நாட்களில் வழக்கத்துக்கு மாறாக இருந்த வெப்பமும் ஈரப்பதமும் அதைக் கிளப்பிவிட்டதாக ஆய்வாளர்கள் கண்டனர். 2016-17 குளிர்காலத்தில், கால்நடைகளிடமிருந்து பரவிய ஆட்டுக்கொல்லி நோய் மங்கோலியச் சைகாக்களில் பாதிக்கும் மேலானவற்றை அழித்தது.

ஆனாலும் சைகா வேகமாகப் பெருகும் விலங்கு. பெட்டை முதல் ஆண்டிலேயே சினையாகும். பெரும்பாலும் இரட்டைக் குட்டிகள் ஈனும். 2006-ல் தொடங்கிய அல்டின் டாலா புல்வெளிப் பாதுகாப்புத் திட்டம், புதிய காப்பிடங்கள், வனக்காவலர் ரோந்து, கொம்புக் கடத்தலைத் தடுக்க மோப்ப நாய்கள் எனக் கெடுபிடி கூடியதும் அந்தத் திறன் பலன் தந்தது. 2023 கணக்கெடுப்பில் கஜகஸ்தானில் 19 லட்சம் சைகாக்கள் இருந்தன. அவ்வாண்டு இறுதியில் மிக அருகிய நிலையிலிருந்து அச்சுறுத்தல் நெருங்கும் நிலைக்கு அதன் வகைப்பாடு தளர்த்தப்பட்டது.

மீட்சி எங்கும் ஒரே சீராக இல்லை. உஸ்துர்த் பீடபூமியில் ரயில் பாதையும் உஸ்பெகிஸ்தான் எல்லை வேலியும் வலசைப் பாதையை மறிக்கின்றன. அங்குள்ள கூட்டம் கஜகஸ்தானின் மற்றவற்றைவிடச் சிறியது. உரல் ஆற்றுப் பகுதியிலோ, மேய்ச்சலையும் பயிரையும் சைகா அழிப்பதாக விவசாயிகள் முறையிட, அரசு கட்டுப்பாட்டுடன் ஒரு பகுதியைக் குறைக்க அனுமதித்தது.