கருவி மாறும், எழுத்து நிலைக்க வேண்டும்



இணையப் பக்கம் கட்டும் கருவிகளைப் பற்றி மொழியியல் பயின்ற ஒருவர் பேசுவது ஏன் என்னும் ஐயம் உங்களுக்கு எழலாம். அதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன்.

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவர்கள், பழைய சேர்க்கைப் பதிவேட்டையும் பள்ளியின் நினைவு மலரையும் இணையத்தில் ஏற்ற விரும்பினர். அத்தோட்டத்தில் இன்று ரப்பர் மரம் இல்லை, செம்பனை நிற்கிறது. லயத்து வீடுகளும் இல்லை. எஞ்சியிருப்பவை பெயர்களே. ஈப்போவில் கணினிப் பணியாற்றும் இரண்டு இளைஞர்கள் பொறுப்பேற்றனர். ஒருவர் ரியாக்ட் கொண்டு கட்டலாம் என்றார். மற்றவர் எந்தச் சட்டகமும் வேண்டா என்றார். வழக்கு என்னிடம் வந்தது.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நாம் காணும் இணையப் பக்கம் மூன்று மொழிகளால் ஆனது. எச்.டி.எம்.எல். உள்ளடக்கத்தைத் தலைப்பு, பத்தி, பட்டியல் எனப் பகுத்துக் காட்டுகிறது. சி.எஸ்.எஸ். அதற்குத் தோற்றம் தருகிறது. ஜாவாஸ்கிரிப்ட் இயக்கம் தருகிறது. இவற்றைக் கொண்டு திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலைகளை முன்னரே எழுதி வைத்து, பக்கம் எவ்வாறு கட்டப்பட வேண்டும் என்னும் ஒழுங்கையும் வகுத்துத் தரும் நிரல் தொகுதியே சட்டகம் எனப்படுகிறது.

இவற்றின் வரலாறு நீண்டதன்று. 2006-இல் வந்த ஜேகுவெரி, உலாவிக்கு உலாவி இருந்த வேறுபாடுகளை மறைத்து எழுதுவோரின் சுமையைக் குறைத்தது. 2010-இல் கூகுள் ஆங்குலர் ஜே.எஸ்.ஸை வெளியிட்டது. 2013-இல் ஃபேஸ்புக் நிறுவனம் ரியாக்டைப் பொதுவில் திறந்து வைத்தது. 2014-இல் வியூ, 2016-இல் ஸ்வெல்ட் எனத் தொடர்ந்து வந்தன.

சட்டகத்தை விரும்புவோர் கூறும் காரணங்கள் வலுவானவை. பக்கத்தைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து எழுதினால் ஒன்றைப் பல இடங்களில் பயன்படுத்தலாம். பலர் சேர்ந்து பணிசெய்வதும் எளிதாகும். பலர் அறிந்த கருவியாயின் உதவி கிடைக்கும், வேலைவாய்ப்பும் கிடைக்கும். மறுப்போர் கூறுவனவும் பொய்யல்ல. சட்டகத்தின் நிரலையும் வாசகரின் கைப்பேசி பதிவிறக்கி இயக்க வேண்டியுள்ளது. மேலும், கருவியின் ஆயுள் நம் கையில் இல்லை. 2016-இல் ஆங்குலர் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டது. பழைய நிரலை அப்படியே அதில் இயக்க இயலவில்லை. ஆங்குலர் ஜே.எஸ்.ஸுக்கான ஆதரவு 2021-ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றது. அதை நம்பிக் கட்டியோர் மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்நிலை புதிதன்று. லயத்து வீடு நிருவாகத்துக்கு உரியது. தோட்டம் கைமாறினால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். அப்போது கையில் எடுத்துச் செல்லக்கூடியது எதுவோ அதுவே நம்முடையது. கருவியைத் தேர்ந்தெடுப்போரும் இதையே கேட்க வேண்டும்: இக்கருவியை விட்டு வெளியேறும் நாளில் நம் எழுத்து நம்மோடு வருமா?

தமிழ் இத்தேர்வை முன்பே ஒருமுறை சந்தித்தது. 1985-ஆம் ஆண்டு மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கிய காலத்தில், கணினித் தமிழுக்குப் பொதுவான குறியீடு இல்லை. பின்னர் எழுத்துருக்கள் பெருகின. ஒவ்வொன்றும் தமிழ் எழுத்துகளுக்குத் தனக்கென எண்களை வகுத்துக்கொண்டது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ், பொருளற்ற குறிகளாகத் தோன்றிற்று. 1990-களின் பிற்பகுதியில் இயங்கு எழுத்துரு என்னும் உத்தி வந்தது; பக்கத்தோடு எழுத்துருவும் தானே வந்து சேரும். ஆயினும் நெட்ஸ்கேப் உலாவிக்கு ஒரு வகை, இண்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு வேறொரு வகை என அது பிரிந்து கிடந்தது. அன்று வசதியெனத் தோன்றிய அவ்வுத்தி, அந்த உலாவிகளோடு மறைந்தது.

பிழைத்து நின்றது எது? 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் இலக்கியங்களைத் திஸ்கி குறியீட்டில் ஏற்றியது. பின்னாளில் அவை யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. எந்த எண் எந்த எழுத்துக்கு என்னும் அட்டவணை பொதுவில் இருந்தமையால் அம்மாற்றம் இயன்றது. திறந்த தரத்தைப் பின்பற்றிய எழுத்து புதிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தது.

இனி நம் பள்ளிக்கு வருவோம். இளைஞர்கள் மாதிரிப் பக்கம் ஒன்றை உருவாக்கிக் காட்டினர். அங்கிருந்த மூதாட்டி ஒருவரின் பேத்தி, தன் பாட்டனாரின் பெயரான கோவிந்தன் என்பதைத் தேடினார். “இல்லை” என்று விடை வந்தது. ஆனால் அதே பெயர் பட்டியலில் கண்ணெதிரே இருந்தது. மூதாட்டியின் முகம் வாடியதை நான் மறக்கவில்லை.

காரணம் எழுத்தில் இருந்தது. ‘கோ’ என்னும் எழுத்தை யூனிகோடில் இரு வகையாக எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக் குறியை ஒன்றாகச் சேர்ப்பது ஒருவகை, ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறுவேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றும்போது இரண்டாம் வகை புகுந்துவிட்டது. ஜாவாஸ்கிரிப்டில் ‘நார்மலைஸ்’ என்னும் கட்டளை இவ்விரு வகையையும் ஒன்றாக்கிவிடும். ஆயின் கௌரி என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் குறியையும் ளகரத்தையும் இட்டிருந்தால், எக்கட்டளையும் அதைத் திருத்தாது. அதற்கு மனிதர் பார்த்துத் திருத்தும் மெய்ப்பே வேண்டும்.

எண்ணிக்கையும் அவ்வாறே. கோவிந்தன் என்பதில் நமக்கு ஐந்து எழுத்துகள். ஜாவாஸ்கிரிப்டிடம் நீளம் கேட்டால் ஒன்பது என்னும். குறியையும் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. இதை அறியாமல் பெயரைச் சுருக்கும் நிரல், ‘ந்’ என்பதன் புள்ளியை வெட்டி ‘ந’ ஆக்கிவிடும். எழுத்தெல்லை அறிந்து பிரிக்கும் ‘செக்மென்டர்’ வசதியும், மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் ‘கொலேட்டர்’ வசதியும் இன்றைய உலாவிகளிலேயே உள்ளன. இவற்றைப் பயன்படுத்துவதற்குச் சட்டகம் தேவையில்லை. சட்டகம் இருந்தாலும் இவற்றைத் தானாகச் செய்துவிடாது. மொழியறிவு எழுதுவோரிடமே இருக்க வேண்டும்.

ஆகவே நான் தீர்ப்பு வழங்கவில்லை; சில வினாக்களையே முன்வைத்தேன். பக்கம் படிப்பதற்கா, அன்றி நொடிக்கு நொடி மாறும் பணிக்கா? மதிப்பெண் பதிவு, பயணச்சீட்டு முன்பதிவு போன்றவற்றுக்குச் சட்டகம் தகும். படிப்பதற்குரிய பக்கத்தில் எழுத்து முதலில் வர வேண்டும். அலைவரிசை தளர்ந்த ஊரில் பழைய கைப்பேசி வைத்திருப்பவருக்கும், ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேருமுன்னரே பெயர்கள் தெரியுமா? ரியாக்டிலும் சேவைக் கணினியிலேயே பக்கத்தை ஆக்கி அனுப்ப வழி உண்டு. கட்டியவர் விலகினால் அடுத்தவர் புரிந்துகொள்வாரா? உள்ளடக்கம் கருவியினின்று பிரித்து வைக்கப்பட்டுள்ளதா?

இவற்றுக்கு விடை தேடியபின் இருவரும் ஒத்துப்போயினர். பெயர்ப்பட்டியல் யூனிகோடில் எளிய உரைக்கோப்பாக நின்றது. அதிலிருந்து எச்.டி.எம்.எல். பக்கங்கள் ஆக்கப்பட்டன, தேடலுக்கு மட்டும் சிறு ஜாவாஸ்கிரிப்ட் நிரல். ரியாக்டை விரும்பிய இளைஞரே அத்தேடலை எழுதினார். கோவிந்தன் கிடைத்தார், அவருக்கு நேரே அவர் பள்ளியில் சேர்ந்த ஆண்டும் இருந்தது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிரலாக்கம் கற்பிக்கும்போது, ஒரு தமிழ்ப்பெயரை எண்ணவும் தேடவும் வரிசைப்படுத்தவும் மாணவரைப் பணியுங்கள். இன்று அவர்கள் பழகும் சட்டகம் பத்தாண்டில் மாறிவிடலாம். தங்கள் எழுத்தைக் கணினி எவ்வாறு காண்கிறது என்று அறிந்த மாணவர், எக்கருவியையும் தேர்ந்தெடுக்கும் தகுதி பெறுவார்.