பக்கவாட்டில் நகராத வண்டி

மோட்டார் காருக்கு முன்னே போகத் தெரியும், பின்னே வரத் தெரியும், வளையவும் தெரியும். ஆனால் பக்கவாட்டில் ஒரு சாண்கூட நகரத் தெரியாது. கார் ஓட்டக் கற்கும் நண்பர்கள் பலரையும் கலங்க வைக்கும் 'பாரலல் பார்க்கிங்' என்னும் வித்தைக்கு இந்த ஒரு குறைதான் மூலகாரணம். சாலையோரத்தில் முன்னும் பின்னும் கார்கள் நிற்க, இடையிலுள்ள இடத்தில் நம் காரை ஓரத்தோடு ஒட்டி நிறுத்துவதே அவ்வித்தை. அதில் ஏன் இத்தனை தொல்லை? கணிதமும் இயந்திரமும் அத்தொல்லையை எவ்வளவு தூரம் தீர்த்திருக்கின்றன? சற்றே ஆராய்வோம்.

சாதாரணக் கார்களில் முன்சக்கரங்கள் இரண்டு மட்டுமே திரும்புகின்றன. பின்சக்கரங்கள் காரின் உடலோடு நேராகவே நிற்பவை. அவை உருளுமேயன்றிப் பக்கவாட்டில் வழுக்கா. சிறிய இடத்தில் முன்னோக்கி நுழைந்தால் மூக்கு ஓரத்தைத் தொட்டுவிடும். வாலோ சாலையில் நீண்டு கிடக்கும். அந்த வாலை ஓரத்துக்குத் தள்ள வழி இல்லை. பின்னோக்கி நுழைந்தால் வால் முதலில் உள்ளே போய்விடுகிறது. பிறகு, திரும்பும் ஆற்றலுள்ள மூக்கை வளைத்து உள்ளே கொண்டுவருவது எளிது.

நம் நாட்டில் இடப்புறமாகச் செல்கிறோம் அல்லவா? ஆகவே முன்னே நிற்கும் காருக்கு வலப்பக்கத்தில் ஏறத்தாழ அரை மீட்டர் இடைவெளி விட்டு, இரண்டு கார்களின் பின்பம்பர்களும் ஒரே வரிசையில் வருமாறு முதலில் நிறுத்த வேண்டும். ஸ்டியரிங்கை முழுவதும் இடப்புறம் ஒடித்து, கார் ஏறத்தாழ 45 பாகை சாயும்வரை மெல்லப் பின்னே வரவேண்டும். பிறகு சக்கரங்களை நேராக்கிச் சற்றே பின்வாங்கி, நம் முன்மூலை அடுத்த காரைத் தாண்டியதும் வலப்புறம் முழுவதும் ஒடித்தால், மூக்கு உள்ளே வந்துவிடும். நேராகக் கிட்டாத பக்கவாட்டு நகர்வு, இடம் வலமாகிய இரண்டு வளைவுகளின் கூட்டாகக் கிட்டுகிறது. கனத்த பீரோவைத் தனியாளாக நகர்த்துகிறவர் ஒரு காலை மாற்றி ஒரு காலாகத் திருப்பித் திருப்பிக் கொண்டுபோவதும் இதே தந்திரந்தான்.

சரி, எவ்வளவு இடம் வேண்டும்? இக்கேள்விக்கு 2009-இல் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவேயின் கணிதப் பேராசிரியர் சைமன் பிளாக்பர்ன் ஒரு சூத்திரம் தந்தார். அதன் அடிப்படை மிக எளியது. உள்ளே வரும் பாதை, வெளியே போகும் பாதையைத் தலைகீழாக நடப்பதே. ஆதலால் ஒரே திருப்பத்தில் வெளியே போக முடிகிற இடத்தில், ஒரே முயற்சியில் உள்ளே வரவும் முடியும். வெளியே போகும்போது முன்னே நிற்கும் காரில் இடிப்பது எது? நம் காரின் இடப்பக்க முன்மூலை. அம்மூலை வரையும் வட்டத்தைப் பிதாகோரஸ் தேற்றத்தால் அளந்துவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். 3.8 மீட்டர் நீளமுள்ள ஒரு சிறிய கார். முன்பின் சக்கரங்களுக்கு இடையே 2.45 மீட்டர், முன்சக்கரத்தின் மையத்திலிருந்து பம்பர் வரை 0.8 மீட்டர், திரும்பும் வட்டத்தின் ஆரம் 4.8 மீட்டர். முன்னே நிற்கும் காரின் அகலம் 1.7 மீட்டர் என்று கொண்டால், காரின் நீளத்துக்கு மேல் ஏறத்தாழ 1.4 மீட்டர் வேண்டும். அதாவது, மொத்தம் 5.2 மீட்டர். இதனினும் குறைந்த இடத்தில் நுழைய முடியாதா? முடியும், முன்னும் பின்னும் பலமுறை நகர வேண்டிவரும்.

இத்தொல்லையை ஒழிக்க முயன்றோர் பலர். கலிபோர்னியாவைச் சேர்ந்த புரூக்ஸ் வாக்கர் என்பவர் காரின் பின்புறத்தில் ஐந்தாவது சக்கரம் ஒன்றைக் குறுக்காகப் பொருத்தினார். அதைக் கீழே இறக்கினால் வால் மேலெழும்பிப் பக்கவாட்டிலேயே நகரும்! 1950-களில் பலரும் வியந்த அந்த ஏற்பாட்டைக் கார்த் தொழிற்சாலைகள் ஏற்கவில்லை. பின்னர் வந்தவர்கள் சக்கரத்தைக் கூட்டாமல் மூளையைக் கூட்டினார்கள். 2003-இல் டொயோட்டா நிறுவனம் ஜப்பானில் விற்ற பிரியஸ் கார், ஸ்டியரிங்கைத் தானே திருப்பி நிறுத்திக்கொண்டது. பிரேக் மட்டும் ஓட்டுபவர் பொறுப்பில் இருந்தது.

இன்றைய தானியங்கிக் கார்கள் பலவற்றில் பம்பரில் பதித்த உணரிகள், மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கின்றன. ஒரு மீட்டர் தொலைவிலுள்ள சுவரின் எதிரொலி ஒரு நொடியின் ஆயிரத்தில் ஆறு பங்குக்குள் வந்துவிடும். அந்நேரத்தைக் கொண்டு தூரத்தை அறிந்து, மேலே கண்ட வளைவுகளைக் கணிப்பொறி வகுத்துவிடுகிறது. 2022-இல் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் விமான நிலையத்து நிறுத்தகம் ஒன்றில், உள்ளே ஆளே இல்லாமல் கார் தானாகச் சென்று நிற்பதற்கு அரசின் ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் அக்கட்டடத்திலேயே வழிகாட்டும் கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன என்பதை மறந்துவிடக் கூடாது.

நம் தெருக்கள் அத்தகையவை அல்லவே! கோணலாக நிற்கும் ஸ்கூட்டரும், தேநீர்க்கடைப் பெஞ்சும், தள்ளுவண்டியும் கணக்கைக் குழப்பும். மெல்லிய கம்பமும் தொளதொளத்த துணியும் தெளிவான எதிரொலி தருவதில்லை. திறந்து கிடக்கும் சாக்கடைப் பள்ளமோ எதிரொலியே தருவதில்லை. 2019 ஜூலை முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் பின்புற உணரி இருக்கவேண்டும் என்பது விதி. அது நல்ல விதிதான். ஆயினும், கார் 'பீப்' என்று ஒலிக்கவில்லை என்பதற்காகப் பின்னே யாரும் இல்லை என்று முடிவு கட்டுதல் தகாது. பின்கண்ணாடியின் கீழ்விளிம்புக்கும் தாழ்ந்த உயரமுள்ள குழந்தை அங்கே விளையாடிக்கொண்டிருக்கலாம்.

வளைவுகளின் கணக்கை இயந்திரத்திடம் ஒப்படைப்பதில் நமக்கு இழிவொன்றுமில்லை. அக்கணக்கு நம்மைவிட அதற்கே நன்றாக வரும். தெருவைப் பார்க்கும் பொறுப்பை மட்டும் ஒப்படைத்துவிட முடியாது. எனவே நண்பர்களே, தானே நிறுத்தும் கார் வாய்த்தாலும், பின்னே வருவதற்கு முன் ஒருமுறை தலையைத் திருப்பிப் பாருங்கள்!