நட்சத்திரம் தொங்க விட்டாச்சு... மனசைச் சுத்தம் பண்ணியாச்சா?

டிசம்பர் மாதத்துச் சாயங்காலம். இடம்: சென்னை பாரிமுனை.

ஆபீஸ் விட்ட கூட்டம் கடற்கரை ரெயில் நிலையத்தைப் பார்த்து ஓடுகிறது. நடைபாதைக் கடைகளில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று காகித நட்சத்திரங்கள் தொங்குகின்றன. சீரியல் பல்பு மினுக்குகிறது.

"வாங்கம்மா, வாங்க! பெரிய ஸ்டார், சின்ன ஸ்டார், எதை எடுத்தாலும் ஒரே விலை!" என்று தொண்டை வறளக் கத்துகிறார் கடைக்காரர்.

அங்கே இருந்து கூப்பிடு தூரத்தில் ஆர்மீனியன் தெரு. பெயர்ப் பலகையில்தான் ஆர்மீனியன் தெரு. சனங்களுக்கு அது அரண்மனைக்காரத் தெரு. அங்கே இருக்கும் புனித மரியன்னை இணைப் பேராலயமும் சனங்கள் வாயில் அந்தோணியார் கோவில்தான். செவ்வாய்க்கிழமை என்றால் சாதி, மதம் பார்க்காமல் கூட்டம் அலைமோதும்.

வெளியே கிறிஸ்துமஸ் களை கட்டி விட்டது. ஆனால் இந்த மாதிரி ஒரு கோவிலுக்குள் காலை வைத்தால்...

பீடத்தில் ஊதாத் துணி. பூசை வைக்கும் குருவானவருக்கும் ஊதா அங்கி. பூ அலங்காரம் கொஞ்சம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் முழங்கும் 'வானவர் கீதம்' கூடக் கிடையாது.

"என்னங்க இது? தெருவிலே அவ்வளவு தடபுடல். உள்ளே இப்படி அமைதியா இருக்கே!" என்று புதிதாக வருகிறவர் கேட்பார்.

காரணம் இருக்கிறது.

நாலு ஞாயிறு காத்திருப்பு

கத்தோலிக்கக் கோவில்களில் 24-ந்தேதி பொழுது சாய்கிற வரை கிறிஸ்துமஸ் காலம் தொடங்காது. அதற்கு முன்னால் இருப்பது திருவருகைக் காலம். பழைய ஆட்கள் 'ஆகமன காலம்' என்பார்கள். நவம்பர் 30-ந்தேதியை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். மொத்தம் நாலு ஞாயிறு.

இது கொண்டாடுகிற காலம் இல்லை, காத்திருக்கிற காலம். வீட்டுக்குப் பெரிய மனிதர் வருகிறார் என்றால் முதலில் ஒட்டடை அடிப்போம், திண்ணையைக் கழுவுவோம். வந்த பிறகுதான் இலை போடுவோம். அதே கணக்குதான்.

முன்பு கிறிஸ்துமசுக்கு முந்திய நாள் நோன்பு நாளாகவே இருந்தது. ஒரு வேளைச் சாப்பாடு. அதற்கு 'ஒருசந்தி' என்று பெயர். இறைச்சியைத் தொடாமல் இருந்தால் 'சுத்தபோசனம்'. 1966-ல் போப் ஆறாம் பால் நோன்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு அந்தக் கட்டாயம் போய் விட்டது. ஆனாலும் சில பாட்டிமார் விடவில்லை. "சட்டம் போனா என்ன, என் வயிறு எனக்குத் தெரியாதா?" என்று 24-ந்தேதி பகலில் கஞ்சியோடு நிறுத்திக் கொள்கிறவர்கள் இன்றும் உண்டு.

பீடத்துக்குப் பக்கத்தில் பச்சை இலை வளையம் ஒன்று இருக்கும். அதில் நாலு மெழுகுவத்தி. வாரம் ஒன்றாக ஏற்றுவார்கள். இதற்குப் பின்னால் ஒரு கதை. 1839-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய விக்கர்ன் என்ற புராட்டஸ்டண்டு போதகர் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவத்திகளை நிறுத்தினார். "கிறிஸ்துமஸ் எப்போ? எப்போ?" என்று பிள்ளைகள் தினமும் நச்சரித்தார்களாம். அவர்கள் நாளை எண்ணிப் பார்க்க அந்த ஏற்பாடு. அதுவே பிற்பாடு கத்தோலிக்கக் கோவிலுக்கும் வந்தது.

ஆக, ஏழைப் பிள்ளைகளுக்காக ஏற்றிய விளக்கு அது. அதை மறந்து விட்டால் அப்புறம் அது வெறும் அலங்காரம்தான்.

"எனக்கு உடம்பு சரியில்லே..."

எந்தப் பங்கிலும் இப்படி ஒரு குடும்பம் இருக்கும்.

வாடகைக் குடித்தனம். அப்பா மூட்டை தூக்குகிறவர். மூன்று பிள்ளைகள். மழையில் பத்து நாள் வேலை இல்லை. 24-ந்தேதி ராத்திரி கோவில் மணி அடிக்கும்போது அம்மா சொல்வாள்: "எனக்கு உடம்பு சரியில்லே. நீங்க போயிட்டு வாங்க."

உடம்புக்கு ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு எப்படியோ துணி எடுத்தாயிற்று. தனக்கு எடுக்க முடியவில்லை. பழைய சேலையோடு அந்தக் கூட்டத்தில் போய் நிற்க வெட்கம்!

மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரின் பிறந்த நாள். துணி இல்லை என்பதற்காக ஒருத்தி அதற்குப் போகாமல் வீட்டில் இருக்கிறாள் என்றால், எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது.

இன்னும் சில வீடுகளில் அடகுக் கடைக்கு வளையல் போகும். வட்டிக்குப் பணம் வரும். பிளம் கேக், பட்டாசு, பட்டுப் பாவாடை எல்லாம் வரும். ஜனவரி பிறந்ததும் வட்டிக்காரரும் வருவார்!

இதைத் தடுக்கத்தான் பங்குகளில் ஒரு வேலை நடக்கிறது. அது வெளியே தெரியாது. தெரியவும் கூடாது.

வின்சென்ட் தே பவுல் சபை என்று ஒன்று. 1833-ல் பாரிசில் தொடங்கியது. தொடங்கியவர்களில் முக்கியமானவர் பிரெடெரிக் ஓசானாம். அப்போது அவருக்கு வயது 20, கல்லூரி மாணவர். இந்தச் சபையின் முறை எளியது. இரண்டு பேராகப் போவார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து கஷ்டத்தைக் கேட்பார்கள். அரிசியோ, மருந்தோ, பள்ளிக்கூடப் பணமோ, முடிந்ததைச் செய்வார்கள். யாருக்குச் செய்தோம் என்று ஊரில் சொல்ல மாட்டார்கள்.

டிசம்பர் வந்தால் இவர்களுக்கு ஓய்வு இல்லை. கோவிலில் சேருகிற அரிசியும் துணியும் வீடு வீடாகப் போக வேண்டும். அதிலும் ஒரு நாசூக்கு இருக்கிறது. மேடை போட்டு, மைக்கில் பெயர் வாசித்து, போட்டோ பிடித்துச் சேலை கொடுத்தால், வாங்குகிறவளுக்கு அந்தச் சேலையைக் கட்டவே மனசு வராது. ராத்திரி எட்டு மணிக்குக் கதவைத் தட்டி, "அக்கா, இது உங்க வீட்டுக்குன்னு கொடுத்தாங்க" என்று வைத்து விட்டு வந்தால், 24-ந்தேதி அதைக் கட்டிக் கொண்டு கோவிலுக்கு வருவாள். யார் கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

தாத்தா வருகிறார்!

டிசம்பர் நடுவில் 'கேரல் ரவுண்ட்ஸ்' தொடங்கும். இளைஞர் கூட்டம் கிட்டார், டிரம் சகிதம் வேன் பிடித்துக் கிளம்பும். ஒருவர் பஞ்சு தாடி வைத்துக் கிறிஸ்துமஸ் தாத்தா. குழந்தை ஏசு சொரூபத்தை ஏந்திக் கொண்டு வீட்டுக்கு வீடு பாட்டு, செபம், மிட்டாய்.

நல்ல காரியம்தான். ஆனால் புகாரும் உண்டு. அது அரையாண்டுப் பரீட்சை நேரம். ராத்திரி பதினொரு மணிக்குத் தெருமுனையில் டிரம்மை முழக்கினால் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்? பக்கத்து வீட்டு நோயாளி என்ன செய்வார்? மாடி வீடுகளில் நின்று நிதானமாகப் பாடி விட்டு, சந்துக்குள் இருக்கிற ஓட்டு வீட்டை "நேரம் ஆயிடுச்சு" என்று தாண்டிப் போவதும் நடக்கிறது.

இதனால்தான் விவரம் தெரிந்த பெரியவர்கள் முன்கூட்டியே சொல்லி விடுவார்கள்: "தம்பிகளா! பத்து மணிக்கு மேலே கொட்டு வேண்டாம். சந்து வீட்டிலே இருந்து ஆரம்பிங்க. காணிக்கை தரலைன்னாலும் பாட்டு முழுசா பாடணும்."

சண்டை தீர்கிற வாரம்

கிறிஸ்துமசுக்கு முந்திய வாரம் கோவிலில் நீண்ட வரிசை ஒன்று நிற்கும். பாவசங்கீர்த்தன வரிசை! பக்கத்துப் பங்குக் குருக்களும் உதவிக்கு வந்து உட்காருவார்கள்.

ஊர்க் கோபம் எல்லாம் வெளியே வருவது இங்கேதான். அண்ணன் தம்பிக்குள் பாகப் பிரிவினை. மாமியார் மருமகள் பேச்சு வார்த்தை இல்லை. கடைப் பங்காளிகளுக்குள் கணக்குத் தகராறு.

காணிக்கையோடு வரும்போது சகோதரனுக்கு உன் மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்து விட்டு முதலில் போய்ச் சமாதானம் ஆகு என்பது ஏசுநாதரின் போதனை. அதனால் வரிசையில் நின்றால் மட்டும் போதாது. அண்ணன் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும்.

இதற்கு நம்ம ஊரில் சுலபமான வழி ஒன்று உண்டு. பலகாரத் தட்டு! கலகலா, அச்சுமுறுக்கு, அதிரசம் வைத்துச் சின்னப் பிள்ளையிடம் கொடுத்து, "பெரியப்பா வீட்டிலே கொடுத்துட்டு வா" என்று அனுப்புவார்கள். தட்டு காலியாகத் திரும்பாது. தட்டில் என்ன வருகிறது என்பதை வைத்தே அண்ணன் மனசு இளகி விட்டதா என்று சொல்லி விடலாம்!

வைக்கோல் போதும்

வீட்டுக்கு வீடு குடில் கட்டுவார்கள். கேழ்வரகை முளைக்க விட்டுப் புல்தரை செய்வார்கள். இந்த வழக்கத்துக்கு வயது 800-க்கு மேல். 1223-ல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் பிரான்சிஸ் அசிசியார் செய்து காட்டினார். தீவனத் தொட்டி, வைக்கோல், நிஜ மாடு, நிஜக் கழுதை. அவ்வளவுதான்.

இன்றைக்கு மலை, அருவி, ஓடுகிற ரெயில், கலர் விளக்கு என்று குடில் வளர்ந்து விட்டது. பிள்ளைகளின் ஆசை, குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு வழக்கத்தை மட்டும் பல வீடுகளில் விடவில்லை. தொட்டில் காலியாகவே இருக்கும். 24-ந்தேதி நடு ராத்திரிதான் குழந்தை சொரூபத்தை வைப்பார்கள்.

அந்த ராத்திரி கோவிலில் இடம் கிடைக்காது. வாசலில், தெருவில் எல்லாம் நாற்காலி. ஊதா போய் வெள்ளை அங்கி வரும். நாலு வாரம் கேட்காத வானவர் கீதம் எழும்பும். மணிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கும். காத்திருந்தவர்களுக்கு உடம்பு சிலிர்த்துப் போகும். நவம்பரில் இருந்தே கேக் சாப்பிட்டுக் கொண்டு இருந்தவருக்கு அந்த மணி வெறும் சத்தம்தான்.

"வருஷத்துக்கு ஒரு நாள்தானே" என்று தண்ணி போட்டு விட்டுப் பைக்கை முறுக்குகிறவர்களும் அதே ராத்திரியில்தான் இருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்களுக்கு விடிகிற வரை தூக்கம் இல்லை.

25-ஓடு முடிஞ்சு போச்சா?

26-ந்தேதி காலையில் பாரிமுனையில் நட்சத்திரம் பாதி விலைக்கு வந்து விடும். கடைக்குக் கிறிஸ்துமஸ் முடிந்தது. கோவிலுக்கு இப்போதுதான் ஆரம்பம். எட்டு நாள் பெருவிழா. பிறகு மூன்று ராசாக்கள் திருநாள். ஆண்டவரின் திருமுழுக்குத் திருநாளோடுதான் காலம் நிறைவடையும்.

26-ந்தேதி யாருடைய திருநாள்? ஸ்தேவான் திருநாள். முதல் வேதசாட்சி. அவருக்குச் சபை கொடுத்த முதல் வேலை என்ன தெரியுமா? விதவைகளுக்குப் பந்தி விசாரிப்பதில் பாரபட்சம் வராமல் பார்த்துக் கொள்ளும் ஏழு பேரில் ஒருவராக இருப்பது! விருந்து முடிந்த மறுநாளே, "ஏழைக்குச் சோறு போய்ச் சேர்ந்ததா?" என்று கேட்கிற திருநாள் அது.

சென்னைக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2004-ல் 26-ந்தேதி ஞாயிற்றுக்கிழமை. திருக்குடும்பத் திருநாள். நட்சத்திர விளக்குகள் இன்னும் தொங்கிக் கொண்டு இருந்தன. காலை நேரத்தில் சுனாமி வந்தது. பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் போன்ற கரையோரக் குடியிருப்புகளில் வீடுகள் போயின, உயிர்கள் போயின. உடுத்திய துணியோடு ஓடி வந்தவர்களுக்குப் பள்ளிக்கூடங்களும் கோவில்களும் மண்டபங்களும் கதவு திறந்தன.

2015-ல் திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில், டிசம்பர் 1, 2 தேதிகளில் வெள்ளம். கோவில், மசூதி, தேவாலயம் என்று பார்க்காமல் சனங்கள் தங்கினார்கள், சாப்பிட்டார்கள். அந்த வருஷம் பல தேவாலயங்களில் ஆடம்பரம் குறைந்தது. 2023-ல் டிசம்பர் 3-ந்தேதி திருவருகைக் கால முதல் ஞாயிறு. அன்று ராத்திரியே மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்தது. முதல் மெழுகுவத்தி ஏற்றிய கையோடு படகுக்கும் பால் பாக்கெட்டுக்கும் அலைய வேண்டியதாயிற்று.

அந்த மாதிரி வருஷங்களில் "யார் வீட்டு ஸ்டார் பெருசு?" என்று யாரும் கேட்கவில்லை. "உங்க வீட்டிலே எல்லாரும் பத்திரமா?" என்றுதான் கேட்டார்கள்.

வெள்ளம் வந்தால்தான் அப்படிக் கேட்க வேண்டும் என்று இல்லை. மழை இல்லாத வருஷத்திலும், 24-ந்தேதி சாயங்காலம் பக்கத்துக் குடித்தனத்தில் எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லலாம்:

"அக்கா, புதுசு இல்லேன்னா என்ன? நானும் பழைய சேலைதான் கட்டியிருக்கேன். வாங்க, சேர்ந்தே போலாம்."